மூன்றாம் வாசல் தளபதியின் வாரிசுகள்

ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு அந்த நாளில் சேலத்தில் ஒரு பதில் இருந்தது. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஒன்றை வாடகைக்கு அமர்த்துவார். ஆள் சேர்ந்ததும் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று சுற்றிக் காட்டிவிட்டு, பொழுது சாய ராசிபுரம் வழியாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். துண்டு நோட்டீஸில் அதற்குச் 'சரித்திர யாத்திரை' என்று பெயர். யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி நடந்தது இது. அப்போது பெட்ரோலுக்குப் பஞ்சமில்லை. சரித்திரத்துக்கும் இல்லை.

நான் ஒரு வாரப் பத்திரிகையில் ஜில்லாச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். கட்டணம் வேண்டாம், கூட வந்து பார்த்து நாலு வரி எழுதினால் போதும் என்று அந்தச் சரித்திர ஆசிரியர் சொன்னார். பத்திரிகைக்காரனிடம் எல்லாரும் நாலு வரிதான் கேட்பார்கள். நாலு வரியோடு திருப்தி அடைந்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

அவருடைய தொழில்முறை என்ன என்பது பஸ் புறப்படுவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அவரே அதைச் சொல்லிவிட்டார். டிரைவர் முன்னால் நின்று கைப்பிடியைப் போட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தார். என்ஜின் இருமிவிட்டு அடங்கியது. அந்த இடைவெளியில் ஆசிரியர் என் பக்கம் குனிந்து, "கல்லைப் பார்க்க யாரும் வர்றதில்லீங்க. கல்லுல தங்களைப் பார்க்கத்தான் வர்றாங்க" என்றார்.

அதாவது, தம்மோடு வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் ஒரு முன்னோரைக் கொடுத்துவிடுவார். ஊரைக் கேட்பார். பூர்வீகத்தைக் கேட்பார். கண்ணை மூடிச் சற்று யோசிப்பார். பிறகு கோட்டையின் ஒரு மூலையைக் காட்டி, அங்கே நின்று போரிட்டவர் இன்னார் வம்சத்தவராகத்தான் இருக்கவேண்டும் என்பார். முந்திய மாதம் ஒரு நெய் வியாபாரிக்கு, முற்றுகையின்போது கோட்டைக்குள் நெய்க்குடம் கொண்டுசேர்த்த தீரர் ஒருவர் கிடைத்தாராம். இந்த மாதம் அந்த வியாபாரி தம் தம்பிகளையும் மைத்துனர்களையும் அனுப்பிவைத்திருந்தார். ஆசிரியரின் கையிருப்பில் தளபதிகள் இருந்தார்கள், குதிரைவீரர்கள் இருந்தார்கள், உயிரைக் கொடுத்துச் செய்தி கொண்டுவந்த ஒற்றர்கள் இருந்தார்கள். கோட்டைக்குக் கல் சுமந்தவர்களுக்கும், பின்பக்கச் சுவரேறிக் குதித்து ஓடியவர்களுக்கும் மட்டும் சந்ததி இல்லாமல் போயிருந்தது.

அன்றைக்கு அந்த பஸ்ஸில் வந்தவர்களில் இரண்டு குடும்பங்கள் கோட்டை பார்க்க வரவில்லை. எனக்கு அது தெரியவந்தது, ராசிபுரத்துப் பருத்தி வியாபாரி ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்ததால். நான் பத்திரிகைக்காரன் என்று கேள்விப்பட்டதும், எப்படியும் கண்டுபிடித்துவிடுவான், நாமே சொல்லிவிடுவோம் என்று அவர் முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

பின் ஸீட்டில் அவருடைய மனைவியும் மகளும் இருந்தார்கள். முன்னால், டிரைவருக்கு அடுத்த ஸீட்டில், மோகனூர் ஆற்றங்கரையில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருந்த ஒருவர் தம் மகனோடும் அக்காளோடும் உட்கார்ந்திருந்தார். அந்த மகனுக்கு இந்த மகளைப் பார்ப்பதுதான் யாத்திரையின் நோக்கம். வீட்டுக்கே வந்து பெண் பார்த்து, பலகாரம் சாப்பிட்டுவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லியனுப்பாமலே இருந்துவிட்டால் அது தெருவுக்கே தெரிந்துவிடும். இந்தப் பெண்ணுக்கு இரண்டு முறை அப்படி ஆகிவிட்டது. ஆகையால் மூன்றாவது முறை, கோயிலிலோ தேரிலோ தற்செயலாகக் கண்டதுபோல வைத்துக்கொள்வது வழக்கம். பிடிக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை; சாமி கும்பிட்டதாகப் பேர். அந்த வருஷத்துத் தேரெல்லாம் முடிந்திருந்தது. சரித்திரம்தான் மிச்சமிருந்தது.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா கெங்கவல்லிக்காரருக்குத்தானுங்க குடுக்கோணும்" என்று பருத்தி வியாபாரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கெங்கவல்லிக்காரர் யாருங்க?"

"ரெண்டாந்தாரமுங்க. நல்ல மனுசன். கெணத்துப் பாசனம். மூத்த பையனுக்குத்தான் மீசை மொளச்சுப்போச்சு."

இதைச் சொல்லிவிட்டு அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தார். பின் ஸீட்டில் இருந்த மகளும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெங்கவல்லி அந்தத் திசையில் இல்லை.

முன் ஸீட்டு அக்காளைப் பற்றியும் சொல்லவேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி; மலையேற முடியாது. அவருக்குப் பதிலாகப் பெண்ணைப் பார்த்துவர வந்தவர் மாப்பிள்ளையின் அத்தை. இந்த ஏற்பாட்டில் ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. அத்தைக்கு ஒரு மகள் இருந்தாள். தம்பி மகனுக்கு அவள்தான் முறைப்பெண். அத்தை அதை மறந்துவிடவில்லை. தராசைத் தூக்கிக்கொண்டு வியாபாரியே நியாயம் சொல்ல வந்ததுபோல அவர் அந்த ஸீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சங்ககிரியில் வெயில் ஏறுவதற்குள் ஏற ஆரம்பித்தோம். மலையைச் சுற்றிச் சுற்றி மதில். மதிலுக்கு மதில் ஒரு வாசல். முதல் வாசலின் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. நாங்கள் உள்ளே போவதற்காக அவை எழுந்திருக்கவில்லை. நாங்கள்தான் தாண்டிப் போனோம். கள்ளியும் சூரைமுள்ளும் மண்டிய சரிவைக் காட்டி, இந்தப் பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளம், அந்தப் பக்கம் மைசூர்ப் படை என்று ஆசிரியர் கையை வீசினார். கை வீசிய இடத்தில் ஒரு பெண் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வாசலில் நின்று மோகனூர்க்காரரை அருகே அழைத்தார்.

"தங்களுக்குப் பூர்வீகமே மோகனூர்தானா?"

"அதுக்கு முந்தி எங்கிருந்தோ வந்தோமுன்னு எங்கய்யன் சொல்லுவாருங்க."

"மேற்கே இருந்துதானே?"

"மேக்க இருந்துன்னுதான் நெனைக்கறேனுங்க."

மோகனூருக்கு மேற்கே கோயம்புத்தூர் இருக்கிறது, மலையாளம் இருக்கிறது, அதற்கப்பால் கடலும் இருக்கிறது. ஆசிரியருக்குச் சங்ககிரி மட்டும் தென்பட்டது. கண்ணை மூடித் திறந்தார். இந்த மூன்றாம் வாசலைக் காத்த தளபதி, தானியம் தீர்ந்தபின் புளியங்கொட்டையை வறுத்துத் தின்றுகொண்டு வாசலை விடாமல் நின்றதையும், கோட்டை விழுந்தபின் குடும்பத்தோடு காவேரிக் கரையோரமாகத் தெற்கே போனதையும் விவரித்தார். தெற்கே போனவர் எங்கே தங்கியிருப்பார் என்பதை அவர் சொல்லவில்லை. கேட்டவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

"பாத்தியா தம்பி" என்றார் அத்தை. "எங்கூட்டு ஆளுக மொகத்துல ஒரு இது இருக்குதுன்னு நான் அப்பயே சொல்லலையா?"

அந்த வாசலுக்குப் பிறகு மோகனூர்க்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். எதிரே வந்தவர்கள் விலகவேண்டும் என்பதுபோல ஒரு நடை. எதிரே ஆடுகள்தான் வந்தன.

அப்போதுதான் பெண் முதல்முதலாகப் பேசினாள். "ஏனுங்க வாத்தியாரய்யா, புளியங்கொட்டையத் தின்னாங்கன்னு சொன்னீங்க. மலைமேல ஒரு புளியமரத்தையும் காணமே?"

"யுத்த காலத்தில் வெட்டிவிட்டார்கள், அம்மா."

"வேரோட தோண்டி எடுத்துப்போட்டாங்களாட்ட இருக்குது" என்று சற்றுத் தள்ளி ஒரு குரல் வந்தது. மாப்பிள்ளை. அவன் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அவளும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. மதிலைப் பார்த்துத்தான் சிரித்தாள். பெண் பார்க்கும் சடங்கில் இதற்குமேல் ஒன்றும் நடப்பதில்லை. பருத்தி வியாபாரி இதைக் கவனித்தார். உச்சிக்குப் போகும்வரை அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை.

உச்சியில் கிழக்கே பார்த்தால் சமவெளி முழுதும் கிடந்தது. சோளக்காடு, பருத்திக்காடு, ஏரி, அடுத்த மலை, அதன்மேல் அடுத்த கோட்டை. இந்த ஜில்லாவில் கோட்டை கட்டியவர்கள் எல்லாரும் உயரமான பாறையைத் தேடியிருக்கிறார்கள். கோட்டையைப் பிடிக்க வந்தவர்களுக்கு அதனால் பெரிய சிரமம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. நான் அறிந்தவரை இவற்றில் விழாத கோட்டை ஒன்றுகூட இல்லை. ஆனால் காத்து நின்றவர்களுக்கு இருக்கிற வாரிசுகளில் கால்வாசிப் பேர்கூடக் கோட்டையைப் பிடித்தவர்களுக்கு இருப்பதாக நான் கேட்டதில்லை. இதை ஆசிரியரிடம் சொன்னேன். "தோத்தவனுக்குத்தானுங்க கதை வேணும்" என்றார். அன்று அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது அது. கட்டுரையில் சேர்க்க நினைத்தேன். இடமில்லை.

திருச்செங்கோட்டில் மலையடிவாரத்து மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். ஆசிரியர் நெய் வியாபாரியின் தம்பிகளிடையே உட்கார்ந்து, திருச்செங்கோட்டு மலையில் கோட்டை இல்லாததன் சரித்திரக் காரணத்தை விளக்கினார். அவர்கள் நெய் போட்ட பருப்புச்சோறு கொடுத்தார்கள்.

இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தன. ஆனால் அவரவர் சோற்றை அவரவர் தின்றார்கள். சம்பந்தம் முடிவாகும் முன் பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். மோகனூர்க்காரர் காலையிலிருந்து நல்ல மனநிலையில் இருந்தார். பெண்ணின் அம்மா மாவடு ஊறுகாய் வைத்திருந்த வாழையிலையை நகர்த்தியபோது அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார். ஊறுகாய் சோற்றில் சேர்த்தியா இல்லையா என்பதில் வழக்கம் அவ்வளவு தெளிவாக இல்லை.

"ஊறுகா நம்மகிட்டயும் இருக்குது தம்பி" என்றார் அத்தை.

"நம்முளுது எலுமிச்சங்கா, அக்கா."

"அதுவும் உப்புலதான் போட்டது."

அவர் அதற்குள் மாவடுவைக் கடித்துவிட்டார். பருத்தி வியாபாரி என்னைப் பார்த்தார். ஆனால் கை கழுவிக்கொண்டு வந்தபோது அவர் முகத்தில் வேறு கவலை வந்திருந்தது.

"அவியளுக்குக் கோட்டைக்காரரு கெடைச்சுப்போட்டாரு. நமக்கு ஒருத்தருமில்லீங்களே" என்றார் என்னிடம்.

"அதனால என்னங்க?"

"சம்பந்தம் பேசற எடத்துல ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்கோணுமுங்க. காத்தால வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் வெவசாயி, ஏவாரி. இப்ப அவரு தளபதி. அந்தக்காளப் பாருங்க, எப்படி உக்காந்திருக்குதுன்னு."

அந்தக்காள் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் வியாபாரி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு சம்பந்தத்தில் நிலத்தை நிலத்தோடு நிறுத்துவார்கள், மாட்டை மாட்டோடு நிறுத்துவார்கள். தளபதியோடு நிறுத்த அவரிடம் ஒன்றும் இல்லை.

நாமக்கல் கோட்டை ஒரே பாறையின் உச்சியில் இருக்கிறது. பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள்; மத்தியான வெயிலில் அது தோசைக்கல். கீழே ஆஞ்சநேயர் கூரையில்லாமல் அதே வெயிலில் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினோம். ஆகையால் யாரும் புகார் சொல்லவில்லை. ஆசிரியர் களைத்திருந்தார். அன்று கூட்டம் அதிகம். காலையிலிருந்து தம்பிகளுக்கும் மைத்துனர்களுக்கும் வினியோகித்ததில் குதிரைவீரர்களும் ஒற்றர்களும் தீர்ந்துவிட்டார்கள். கடைசி மைத்துனருக்கு ஒரு குதிரை வைத்தியரைக் கொடுத்தபோது அவர் முகம் சுருங்கியதை நானே பார்த்தேன். இந்த நிலையில் பருத்தி வியாபாரி அவரிடம் போய் நின்றார்.

"எங்கூட்டுக்கும் ஏதாச்சும் பாருங்க வாத்தியாரே."

"எந்த ஊர்?"

"ராசிபுரமுங்க. அதுக்கு முந்தி தெக்க இருந்து வந்தவிய."

ஆசிரியர் கண்ணை மூடினார். பாறைச்சூடோ, பருப்புச்சோறோ, நான் அறியேன். திறந்தபோது அவர் கையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். சங்ககிரியில் வாசலைக் காத்து நின்ற ஒரு தளபதி, கோட்டை விழுந்தபின் ஆற்றங்கரையோரமாகத் தெற்கே வந்து, பிறகு இந்த நாமக்கல் கோட்டையில் அடைக்கலம் புகுந்ததைச் சொன்னார். அவருடைய மக்களில் ஒரு பிரிவு வடக்கே ராசிபுரம் போயிருக்கவேண்டும் என்றார். பருத்தி வியாபாரியின் முகம் மலர்ந்தது. தளபதியோடு தளபதியை நிறுத்தியாயிற்று.

சுவர் நிழலில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த அத்தை விசிறுவதை நிறுத்தினார்.

"ஏனுங்க வாத்தியாரே, எந்த வாசலு?"

"மூன்றாம் வாசல்" என்றார் ஆசிரியர், பழக்கத்தில்.

"அப்ப காத்தால எங்களுக்குச் சொன்னீங்களே, அதே ஆளுதானுங்களா?"

ஆசிரியர் மதிலைப் பார்த்தார். அதுவே பதிலாகிவிட்டது. அத்தை எழுந்து நின்று, தம்பியிடம், எல்லாருக்கும் கேட்கும்படி, மிகவும் வருத்தமான குரலில் சொன்னார்: "நல்ல சம்பந்தம். கூடி வரலியே தம்பி. ரெண்டு ஊடும் பங்காளிகளாவுது. பங்காளியூட்டுப் பொண்ணு நம்ம பையனுக்குத் தங்கச்சி முறை."

எங்கள் பக்கத்தில் ஒரே ஆண்வழியில் வந்தவர்களைக் கூட்டம் என்பார்கள்; அத்தனை பேரும் பங்காளிகள். எத்தனை தலைமுறை ஆனாலும் அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கமாட்டார்கள்.

"கூட்டமே வேற வேறதானுங்களே" என்றார் பருத்தி வியாபாரி. "கொலசாமியும் வேற. இதெல்லாம் பாத்துத்தானுங்களே பேச்சையே எடுத்தோம்."

"ஒண்ணா இருந்து பிரிஞ்சு போன கூட்டம் எத்தனை இருக்குது. பேரு வேறயா இருந்தும் கட்டிக்காத கூட்டம் நம்ம பக்கத்துல இல்லீங்களா? தெரியாம கட்டுனா அது ஒண்ணு. தெரிஞ்சு கட்டுனா ஊரு என்ன பேசும்? பேப்பர்காரரு வேற நிக்கறாரு."

பேப்பர்காரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு வாக்கியம் போதும். வாத்தியார் சொல்வதெல்லாம் கதை என்று யாராவது ஒருவர் சொல்லவேண்டும். மோகனூர்க்காரர் சொன்னால் அவருடைய தளபதி போய்விடுவார். பருத்தி வியாபாரி சொன்னால் இப்போதுதான் கிடைத்தவர் போய்விடுவார். அத்தை சொன்னால் அவர் பிறந்த வீட்டுப் பெருமையும் போகும், கையில் கிடைத்த ஆயுதமும் போகும். ஆசிரியர் சொன்னால் அடுத்த மாதம் பஸ் இல்லை. ஆகவே அந்தப் பாறையில் நின்ற எல்லாரும், வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள், அந்தத் தளபதி இருந்தார் என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

ஆசிரியர்தான் முதலில் மீட்க முயன்றார். "தளபதிக்கு இரண்டு மனைவிகள்."

"பொண்டாட்டி ரெண்டானாலும் அப்பன் ஒண்ணுதானுங்களே" என்றார் அத்தை.

"இளையவர் சுவீகாரப் பிள்ளை."

"சுவீகாரம் வந்தாலும் பங்காளிதானுங்க."

ஆசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு கருத்தும் உண்டு. மூன்றாம் வாசலுக்குத் தளபதி ஒருவரல்ல, இருவர். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர்."

இது நல்ல யோசனைதான். பருத்தி வியாபாரி அதைப் பிடித்துக்கொள்ளப் போனார். ஆனால் மோகனூர்க்காரர் இந்த வழக்கில் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"கோட்டை விழுந்தது பகல்லீங்களா, ராத்திரியிலீங்களா?"

ஆசிரியர் ஒருவரையும் மற்றவரையும் பார்த்தார். எந்தப் பதில் சொன்னாலும் ஒரு குடும்பத்தின் காவலில் கோட்டை போய்விடும். அவர் அந்தக் கருத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை மதில் ஓரமாய் நின்று ஒரு கல்லைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தான். தளபதியின் வம்சத்தில் அவன் ஒருவன்தான் அந்தக் கௌரவத்தை வேண்டாம் என்று சொல்லியிருப்பான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. பெண் சற்றுத் தள்ளி, கிழக்கே திரும்பி நின்றாள். இப்போது அது கெங்கவல்லி இருக்கும் பக்கம்தான்.

பருத்தி வியாபாரியின் மனைவி அதுவரை ஒன்றும் பேசவில்லை. கணவனின் பக்கத்தில் வந்து நின்று, யாருக்கும் கேட்காதபடி பேசினாள். நான் அவர்களுக்குப் பின்னாலேயே நின்றேன்.

"நாம அந்தாளோட பொண்ணு வயித்து வழின்னு சொல்லிப்போடுங்க. அப்பறம் பங்காளி இல்ல. மாமன் மச்சானாயிரும்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "பொண்ணு வழின்னா அவரு நம்ம வம்சமில்லீன்னு ஆயிரும் புள்ள. அவிய ஊட்டு ஆளாயிருவாரு. நமக்கு ஆருமில்ல."

"நேத்து வரைக்கும் ஆரு இருந்தா?"

அவர் முகத்தை நான் பார்த்தேன். ஆறேழு வருஷம் வழக்காடி ஒரு நிலத்தை விட்டுக்கொடுத்தவர்களைக் கோர்ட்டு வாசலில் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகம்கூட அப்படி இருந்ததில்லை. அந்தத் தளபதி அவருக்குச் சொந்தமாக இருந்தது சுருட்டு ஒன்று புகைந்து தீரும் நேரம்கூட இராது. ஆனால் அதற்குள் அவர் அந்த மனிதரை மகன்களுக்குச் சொல்லி, பேரன்களுக்குச் சொல்லி, கடையில் வந்து உட்காருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி முடித்திருக்கவேண்டும்.

அவர் மகள் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மோகனூர்க்காரரிடம் போய்த் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வாத்தியாரு சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சுங்க. எங்கய்யன் சொல்லி எனக்குக் கேட்ட நெனப்பு. நாங்க பையன் வழி இல்லீங்க. உங்க கோட்டைக்காரரோட மகளைக் கட்டுன ஊடு நாங்க."

ஆசிரியர் உடனே தலையசைத்தார். "அதைத்தான் நான் சொல்ல வந்தேன். தளபதியின் மகள் ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டாள்."

மோகனூர்க்காரர் இதைச் சற்று நேரம் யோசித்தார். மூன்றாம் வாசல் இப்போது முழுதும் அவருடையது. அதில் பங்குக்கு யாரும் வரவில்லை. கேட்க வந்தவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேண்டியது கிடைத்துவிட்ட மனிதருக்கு வரும் தாராளம் அவருக்கு வந்தது.

"அப்ப எங்கூட்டுப் பொண்ணு குடுத்த எடமுங்க நீங்க."

"ஆமாங்க."

"குடுத்த எடத்துல எடுக்கறது நம்ம முறைதானுங்களே."

"ஆமாங்க."

"தம்பி" என்றார் அத்தை. "முறைன்னா எம்மவளும் உன்ற பையனுக்கு முறைதான்."

"உன்ற மவ இந்தத் தலைமுறை முறை அக்கா. இது அஞ்சாறு தலைமுறையா எடுக்காம நின்னுபோன முறை. முந்தி வந்த பாக்கியத்தானே முந்தித் தீக்கோணும்?" என்று சொல்லிவிட்டு, தம் சாதுரியத்தில் தாமே வியந்து, "கோட்டைக்காரரு இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாரு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கோட்டைக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்பதற்கு மறுபேச்சு இல்லை. அத்தை அந்த மனிதரை மறுக்க முடியாது. அவரும் அந்த வீட்டில் பிறந்தவர். முந்தானையை உதறிக்கொண்டு படியைப் பார்த்து நடந்தார். ஆசிரியரைத் தாண்டும்போது நின்றார்.

"வாத்தியாரே, எம்மவளுக்கு மாப்பிள்ளை அமையறாப்புல அந்தக் கோட்டையில வேற ஆராச்சும் இருக்காங்களா?"

"அடுத்த மாதம் வாருங்கள் அம்மா, பார்க்கிறேன்."

"கூட்டீட்டே வாரேன்" என்றார் அத்தை. ஆசிரியர் முகத்தில், அன்று முதல்முறையாக, பயம் தெரிந்தது.

மோகனூர்க்காரர் கீழே இறங்கியதும் பெண்ணின் அம்மாவிடம் அந்த ஊறுகாய் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதோடு மிச்சமிருந்த தயிர்ச்சோற்றையும். குளத்துப் படியில் உட்கார்ந்து அவர் தின்று முடிக்கும்வரை எல்லாரும் சுற்றி நின்றார்கள். நிச்சயதார்த்தம் என்று சொல்லத்தக்கது அதுதான்.

பஸ் ராசிபுரம் சாலையில் திரும்பியது. வலப்பக்கம் கொல்லிமலையில் வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. மோகனூர்க்காரர்கள் நாமக்கல்லிலேயே இறங்கிவிட்டிருந்தார்கள். அங்கிருந்து அவர்கள் ஊர் பக்கம். இறங்கும்போது அவர் பருத்தி வியாபாரியை 'மச்சான்' என்றார். வியாபாரி சிரித்தார். பஸ் நகர்ந்ததும் சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பி, "எழுதறப்போ எங்களைப் பத்தி ஒண்ணும் போடவேண்டாமுங்க" என்றார்.

"போடமாட்டேன்."

"கோட்டைக்காரரைப் பத்தி?"

"அவரைப் பத்தியும்தான்."

அது அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. என் பத்திரிகையில் வந்தது, பயணிகள் கோட்டைகளைக் கண்டு களித்தனர், ஆசிரியர் சரித்திரத்தைச் சுவைபட விளக்கினார் என்ற அளவுதான். ஆசிரியருக்கு அது போதவில்லை.

பின் ஸீட்டிலிருந்து பெண் குனிந்து ஆசிரியரைக் கூப்பிட்டாள். "ஏனுங்க வாத்தியாரய்யா, அந்தக் கோட்டைக்காரரோட மவ ராசிபுரத்துல வாழ்க்கைப்பட்டான்னீங்களே."

"ஆமாம் அம்மா."

"அவளைக் கேட்டாங்களா?"

"என்ன கேட்டார்களா?"

"அங்க போகச் சம்மதமான்னு."

ஆசிரியர் கண்ணை மூடினார். மூடியபடியே இருந்தார். காலையிலிருந்து அந்தக் கண்கள் மூடித் திறக்கும்போதெல்லாம் ஒரு பதில் வந்திருக்கிறது. "அதற்கு ஆதாரம் இல்லை, அம்மா" என்றார்.

அவள் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். பருத்தி வியாபாரி அசையாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாள் முழுதும், பஸ்ஸிலும் மலையிலும், பிள்ளையின் அப்பாவுக்குப் பிடிக்குமா, அத்தைக்குப் பிடிக்குமா, முறை சரியா, வம்சம் சரியா என்று பார்த்தாயிற்று. சுமார் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் செத்தவரின் அபிப்பிராயத்தையும் கேட்டாயிற்று. வியாபாரி மெல்லத் திரும்பினார்.

"ஏஞ்சாமி, உனக்குச் சம்மதந்தான?"

"மலையேறி எறங்குனதுக்கப்பறம் கேக்கறீங்களாப்பா?"

மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. எல்லாரும் ஒருமுறை குலுங்கினோம்.

"வேண்டாமுன்னா சொல்லு. இப்பக்கூட ஒண்ணும் ஆகல" என்றார். அது உண்மையில்லை. ஊறுகாய் தீர்ந்துபோயிருந்தது. இருந்தும் அவர் சொன்னார், சொல்லிவிட்டுப் பதிலுக்காகத் திரும்பியபடியே காத்திருந்தார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, "அவரு அந்தப் புளியமரத்தை வேரோட தோண்டிப்போட்டாங்கன்னு சொன்னாருங்களே" என்றாள். "சரிங்கப்பா."